ஒரு ஷிம்

தவளக்குப்பம் வரை குளிருமாம்.
அதைத் தாண்டினால் வெறும் காற்று.
செவ்வாய், வெள்ளி ஜிப்மர் சவாரி;
டயாலிசிஸ் முடித்துப் பின்சீட்டில் சாய்ந்திருப்பவர்
"பரவால்ல, கண்ணாடிய எறக்கு" என்பாராம்.
அந்தப் பரவால்லதான் தாங்கல என்றார்
டாக்சிக்கார வேதரத்தினம்.

சூடேறினால் கிளட்ச் ஒட்டாது.
செம்மண்டலத்தில் இரண்டு பேர் பார்த்து
கம்ப்ரஸரையே மாற்றச் சொன்னார்களாம்.
பதினெட்டாயிரம்.

பெல்ட்டைத் தளர்த்தி, அடியில் படுத்து,
நடு போல்ட்டில் பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
தேவனாம்பட்டினத்துக் காற்று
அங்கேயும் வந்து துருவாக உட்கார்ந்திருந்தது.
முன்தட்டு அசையவில்லை.
மண்ணெண்ணெய் விட்டு டீ குடிக்கப் போனேன்.
திரும்பி வந்து தொட்டதும் வந்தது.

தண்டில் மூன்று ஷிம்,
நகத்தின் கனம்கூட இல்லாத வளையங்கள்.
தேய்ந்த தட்டுக்கு இடைவெளி கூடிப்போயிருந்தது.
ஒன்றை உருவிவிட்டு மாட்டினேன்.

"என்னம்மா மாத்துன?"
எதுவும் மாத்தல, எடுத்தேன்.
எடுத்ததற்கு எவ்வளவு கேட்பது என்று
எனக்கே தெரியவில்லை.

மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டோம்.
டக்.
கொஞ்சம் மௌனம்.
டக்.
ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்,
கச்சேரி கேட்பவர் மாதிரி.

வெள்ளிக்கிழமை போன்.
கிருமாம்பாக்கம் தாண்டிவிட்டார்களாம்.
பின்சீட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டு
குளிருது, குறைடா என்கிறாராம்.

"குறைக்கத்தான்மா மனசு வரல."