மூலனூர்க்காரி

ஆறடி ஒண்ணரை என்கிறார் பேக்கரி குட்டியப்பன்.
ரெண்டு இருக்குமுங்க, செருப்பில்லாமயே,
என்கிறார் டயர்க்கடை அப்பாஸ்.
ஆவாரம்பாளையத்தில் லேத்தை நிறுத்திவிட்டு வருகிறவன் நான்,
உத்தேசம் என்றாலே எனக்கு உடம்பு அரிக்கும்.
கம்பத்தருகே அவள் நின்றபோது பார்த்துவைத்தேன்:
பெயிண்ட் உரிந்த இடம்
அவள் காதுக்கு நேரே வந்தது.
நாளைக்கு டேப் கொண்டுவந்து
கம்பத்தை அளந்துகொள்ளலாம்.

மௌலிகா. பி.காம். முதல் வருஷம்.
மூலனூருக்கு அந்தப் பக்கம் முருங்கைக் காடு.
கல்யாணப் பந்தியில்
மூன்று இலை தாண்டி எட்டி
சாம்பார் வாளியை வாங்கிய கையைப் பார்த்து
கோச் அங்கேயே சீட்டுப் பேசிவிட்டார்
என்பது ஒரு கதை.
தாராபுரத்தில் முப்பத்தோரு பாயிண்ட் போட்டாள்
என்பது இன்னொன்று.
இரண்டுக்கும் சாட்சி அப்பாஸ்தான்.
இரண்டு இடத்திலும் அவர் இல்லை.

ஆடி மாசம். கணவாய்க் காற்று
சாயங்காலமானால் மைதானத்துக்கு வந்துவிடுகிறது.
வலதுபுறமிருந்து எறிந்த பந்து
வளையத்தை நினைத்துப் புறப்பட்டு
சைக்கிள் ஸ்டாண்டில் இறங்குகிறது.
அம்மியே பறக்கற காத்துங்க, பந்து எம்மாத்திரம்,
என்று குட்டியப்பன் பரிந்து பேச,
ஸ்டான்லி சார் விசில் ஊதி ஓய்ந்த வாயைத் திறந்தார்:
காத்த விடுங்க. அந்தப் புள்ளைக்கு எடப்பக்கமே கெடையாது.
ரெண்டு தடவ போச்சு, ரெண்டு தடவையும் பந்தை விட்டுச்சு.
கோயமுத்தூர்ல ஒரு மேட்ச் போதும்,
அப்பறம் எல்லாரும் அந்தப் பக்கமே தள்ளுவாங்க.

வந்து ஒம்பது நாள்தானுங்க ஆச்சு.

ஒம்பது நாள்ல வராதது!

என் நோட்டில் ஒன்பது வருஷம் இருக்கிறது.
'இந்தியா கேம்ப் உறுதி' என்று அடிக்கோடிட்டவள்
சூலூரில் சீட்டுக் கம்பெனிக்கு வசூலுக்குப் போகிறாள்.
'தேறாது' என்று எழுதியவள்
ரயில்வேக்கு ஆடி,
செகந்திராபாத்தில் குவார்ட்டர்ஸ் வாங்கி,
பால் காய்ச்சிய அன்று எனக்குப் படம் அனுப்பினாள்.
அந்தப் பக்கத்தைக் கிழிக்க மனசில்லை.
பசை போட்டு ஒட்டிவிட்டேன்.

ஜெராக்ஸ் கடை ஜமுனா அதுவரை பேசவில்லை.
காளான் தட்டை வழித்துத் தின்றுகொண்டிருந்தாள்.
பதினெட்டு வருஷம் முன் இதே கோர்ட்டில்
முழங்கால் போனவள். அதைப் பற்றிக் கேட்டால்
மழை வருமா வராதா என்று மட்டும் சொல்வாள்.
எல்லாரும் கையவே பாருங்க, என்றாள்.
அது ஆம்பள ஷூ. முன்னாடி துணி திணிச்சிருக்கு.
எடப்பக்கம் போகணும்னா வலது கால ஊனித் தள்ளணும்.
ஊனறப்பெல்லாம் குதிங்கால் உள்ளயே வழுக்குது.
அதுதான் நீங்க சொல்ற எடப்பக்கம்.

அந்நேரம் பார்த்துப் பந்து
எங்கள் படிக்கட்டுக்கு அடியில் உருண்டு வந்தது.
பின்னாலேயே அவள்.
நாலு பேரும் கடன்காரனைக் கண்டதுபோல்
வேறு வேறு திசை பார்த்தோம்.
கால சித்தே தூக்குங்கண்ணா, என்று குனிந்து
கையை நுழைத்து எடுத்தாள்.
இடது கை.
ஸ்டான்லி சார் அதைப் பார்க்காதவர் போலவே இருந்தார்.

உனக்கு எத்தனாம் நம்பர் கண்ணு?
எட்டுங்க்கா.
இது?
பத்து. எங்கண்ணனோடது. நல்லாத்தான் இருக்கு,
என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டாள்.

ஒப்பணக்காரத் தெருவில் மச்சான் கடை இருப்பதாக
அப்பாஸ் அதற்குள் போனை எடுத்துவிட்டார்.
ஆளுக்கு எவ்வளவு என்று குட்டியப்பன் கணக்குப் போட்டு,
தன் பங்கை மறந்து, மறுபடி போட்டார்.
வெள்ளையா கறுப்பா என்று புதுச் சண்டை.
நான் நோட்டைத் திறந்து தேதி போட்டு
பெயருக்கு நேரே
எட்டு என்று எழுதி மூடினேன்.

வாட்ச்மேன் விளக்கை அணைத்தார்.
ஃப்ரீ த்ரோ பத்துக்கு நாலு,
அதுக்கு எந்த ஷூவக் குத்தஞ் சொல்லுவீங்க?
என்றது இருட்டில்
ஸ்டான்லி சாரின் குரல்.