எளிய நடை, படிகள் இல்லை

ஐந்து பேர் பதிந்திருந்தார்கள்.
விடியலில் கொட்டிய மழை
நான்கு பேரைப் படுக்கையிலேயே பிடித்து வைத்துக்கொண்டது.
தாமான் ஜூரோங் சந்தை வாசலில் ஏழரைக்கு வந்து நின்றவர்
குவெக் சியூ ஹூன் மட்டும்.
நீலக் குடை. கையில் ஒரு வரைபடம்,
என்னுடையதைவிடத் தெளிவானது.

அறிவிப்பில் நான் எழுதியிருந்தது:
எளிய நடை. நான்கு கிலோமீட்டர். படிகள் இல்லை.
தொப்பி போதும், தண்ணீர் நாங்கள் தருவோம்.

"சதுப்பைத் தூர்த்துத் தொழிற்பேட்டை எழுந்த காலத்தில்" என்று
தொண்டையைச் செருமித் தொடங்கினேன்.
"திங்கட்கிழமை மீன் கிடைக்குமா?" என்றார்.
கிடைக்காது என்றேன்.
என் குறிப்பேட்டில் அது இல்லை.

யுங் குவாங் சாலையில்
நான்கு புளோக்குகள் கைகோத்து
வைர வடிவில் நின்ற இடத்தைக் காட்டினேன்.
இப்போது வேறு நிற்கின்றன, கைகோக்காமல்.
அவர் அண்ணாந்து பார்த்தார்.
இல்லாத புளோக்குகளை அல்ல,
இருக்கிற ஒன்றின் ஒன்பதாம் மாடியை.
"மேற்கு வெயில் அடிக்குமா?"

அப்போதுதான் புரிந்தது.
வீடு பார்க்க வந்திருக்கிறார்.
முகவர் சொல்லாததை
மூன்றாம் ஆளிடம் கேட்க.

எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.
ஆறு மாதம் படித்தவள் நான்:
உருக்காலையில் பற்றிய முதல் நெருப்பு,
ஆற்றை மறித்து ஏரியாக்கிய அணை,
காருக்குள் இருந்தபடி படம் பார்த்த
திறந்தவெளித் திரையரங்கு.
யுவான் சிங் சாலையில் நின்று
திரை இருந்த பக்கம் கை நீட்டினேன்.
"கார் நிறுத்த இடம் கிடைக்குமா?" என்றார்.

சிரித்துவிட்டேன்.
அன்று டிக்கெட் வாங்கியவர்களும்
அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

சாலை தாண்டினால் ஏரி.
மழை விட்ட காலையில் அதற்கு
பால் குறைத்த தேநீரின் நிறம்.
பலகைப் பாதை ஈரத்தில் கறுத்துக் கிடந்தது.
அக்கரையில் ஏழடுக்குப் பகோடா
நேராக ஒருமுறை, தலைகீழாக ஒருமுறை,
தலைகீழானதுதான் கொஞ்சம் ஆடியது.
ஓர் உடும்பு எங்களை நிற்கவைத்துவிட்டு
நிதானமாகக் குறுக்கே போயிற்று.

"கொசு?"
"ஆறரையிலிருந்து ஏழேகால் வரை. பிறகு அதற்கே அலுத்துவிடும்."
"வாடை?"
"காற்று திரும்பினால் எப்போதாவது. எங்கோ கொக்கோ வறுக்கிற மாதிரி."
"ரயில் சத்தம்?"
"முதல் வாரம் கேட்கும்."

கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது.
எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியவில்லை.
இதற்கெல்லாம் ஆண்டும் தேதியும் கிடையாது,
நான் மனப்பாடம் செய்யவும் இல்லை.

கோரைக்குள்ளிருந்து நீர்நாய்கள் கரையேறின, ஐந்து.
ஒன்றின் வாயில் மீன் இன்னும் துடித்தது.
தலையிலிருந்து தொடங்கியது அது,
எலும்பு நொறுங்குவது எங்களுக்குக் கேட்டது.
சியூ ஹூன் ஒன்றுமே கேட்கவில்லை.
மழை நின்று வெகுநேரமாகியும்
குடையை விரித்தே பிடித்திருந்தார்.

பிறகு, "நீங்கள் எந்த மாடி?"
"நான்காவது. சமையலறை ஜன்னலில் சாய்ந்து எட்டினால்
ஒரு விரல் அளவுக்கு ஏரி தெரியும்."
"ஒன்பதாவதில்?"
"முழுசாக."
சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தேன்,
தாகமில்லாமல்.

"பத்தாயிரம் குறைக்கச் சொல்லப் போகிறேன்," என்றார்.
"கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது."

திரும்பினோம்.
வராதவர்களின் நான்கு போத்தல்கள்
தோள்பையில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.
நடைபாதை முடிந்து புல் தொடங்கும் இடத்தில்
அவர் தடுமாறி என் முழங்கையைப் பற்றினார்.
குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

"படிகள் இல்லை என்று எழுதியிருந்தீர்களே."

பதினோரு வருடமாக இறங்குகிறேன்.
காலுக்குத் தெரிந்திருக்கிறது,
எனக்குச் சொல்லவில்லை.
அங்கேயே நின்று குறிப்பேட்டைத் திறந்து
'இல்லை' என்பதை அடித்துவிட்டு எழுதினேன்:
ஒன்று.