இருபத்தெட்டு டிகிரி

ஹல்லவாரா, பின்லாந்து

காகித ஆலையை மூடிய வருடம்
தெருவிளக்குகளில் ஒன்றுவிட்டு ஒன்றை அணைத்தோம்.
ஆலை நின்ற இடத்தில் இப்போது தரவு மையம்.
ஜன்னல் இல்லை, புகை இல்லை,
ஷிஃப்டு மாறும் சங்கு இல்லை.
வேலைக்கு எடுத்தது பதினொரு பேரை.
அதில் ஒருவர் பனி அள்ள.

ஒப்பந்தப்படி
அதன் வெப்பம் குழாய் வழியே
நகராட்சி நீச்சல்குளத்துக்கு வருகிறது, இலவசமாக.
இருபத்தெட்டு டிகிரி. ஒரு நாளும் குறைந்ததில்லை.

உயிர்காப்பாளர் சம்பளத்தை வெட்டியது நான்.
பட்ஜெட்டில் அது ஒரே வரி.

வெளியே மைனஸ் இருபது.
கவுன்சிலர் வெய்யோ கேட்கிறார்:
"குளத்துச் சாவி யாரிடம், இர்மெலி?"

என் கைப்பையில்தான்.
நேற்றிரவு கணக்கை முடித்துவிட்டுப் போய்
முழங்கால்வரை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
அதை எந்தத் தலைப்பில் எழுதுவது,
தெரியவில்லை.