வரிசை எண் 318

காப்பாளர் என்று என் கதவில் எழுதியிருக்கிறது.
உண்மையில் நான் அழிப்பவள்.
ரியேகாவில், கப்பல் கட்டும் தளத்தின் நிலவறையில்,
எந்தத் தாள் எத்தனை ஆண்டு உயிரோடிருக்கலாம் என்று
ஒரு பட்டியல் உண்டு. அதன்படி நடப்பவள்.

சம்பளச் சீட்டுக்கு ஐம்பது.
சரக்கு ரசீதுக்குப் பதினொன்று.
வாயிற்காவலரின் வருகைப் பேரேட்டுக்கு இரண்டு.
உணவுக்கூடத்தின் வாராந்திர உணவுப் பட்டியலுக்கு மட்டும்
'என்றென்றும்'.
எவரோ ஒருவர் என்றோ ஒருநாள்
தவறான கட்டத்தில் குறியிட்டுவிட்டார்.
திருத்த வேண்டுமானால் குழு கூட வேண்டும்.
குழு கலைந்து ஒன்பது வருடம்.
ஆகவே, 1979 மார்ச் இரண்டாம் செவ்வாய்
பீன்ஸ் சூப்பும் மத்தி வறுவலும் என்பது
இந்த நிறுவனம் உள்ளவரை அழியாது.

சர்வரில் கதை வேறு.
அங்கே எதுவும் சாவதில்லை, குட்டி போடுகிறது.
ஒரே ஒப்பந்தம் பதினேழு இடங்களில்:
'இறுதி', 'இறுதி 2', 'மிலிவோய் பார்த்த இறுதி'.
எதுதான் இறுதி என்று கேட்கலாமென்றால்
மிலிவோய் ஓய்வுபெற்றுத் தீவுக்குப் போய்விட்டார்.

வியாழன் அரைக்கும் லாரி வரும்.
புதன் மாலை, வரிசை எண் 318:
கொதிகலன் அறை, தூசி அளவீடு, 1983.
பெட்டிகள் நான்கு. காலம் நாற்பது. நடவடிக்கை: அழி.

பெட்டியை நான் திறக்கவில்லை.
பசை காய்ந்து அதுவே வாய் திறந்தது.
கட்டம் போட்ட தாள், பென்சில் எழுத்து,
ஓரத்தில் காப்புறை சுற்றிய ஆட்களின் பெயர்கள்,
கீழே அளந்தவரின் குறிப்பு:
'முள் கடைசிக் கோட்டைத் தாண்டியது.
மறுபடி அளந்தேன்.
மறுபடியும்.'
அதற்கும் கீழே, நீல மையில், வேறொரு கை:
'சராசரி ஏற்கத்தக்கது.'

ஐந்தாவது பெயர் நேவியோ பெரூஷிச்.
பிப்ரவரியில் மேல்மாடி ஓய்வூதிய ஜன்னலில் நின்றவர்.
ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை நிறுத்தி மூச்செடுத்தவர்.
'என் வருடங்கள் உங்களிடம் இருக்குமா?'
தூசி என்று தட்டித் தேடினோம்.
இல்லை என்றது திரை.
பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் இருந்தது
'பராமரிப்பு, பலவகை'.
இல்லை வேறு, அகப்படவில்லை வேறு.
திரைக்கு முதல் சொல் மட்டும்தான் கற்றுக்கொடுத்திருந்தோம்.

கல்நார் எங்கள் பட்டியலைப் படித்ததில்லை.
நாற்பதில் எழுந்து போய்விட வேண்டும் என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.

'நிறுத்திவை' என்றொரு பொத்தான் இருக்கிறது.
பதினான்கு ஆண்டில் இரண்டு முறை அழுத்தியிருக்கிறேன்,
இரண்டும் வரித்துறைக்காக.
காரணம் கேட்டது: வழக்கு, தணிக்கை, வரி, பிற.
பிற.
விளக்குக, அறுபது எழுத்துக்குள்.
பெரிதாக ஏதோ எழுதினேன். அழித்தேன்.
பெரூஷிச்சின் தொலைபேசி எண்ணை மட்டும் போட்டேன்.

காலையில் போரா காற்று
துறைமுகக் கிரேன்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
ஓட்டுநர் சஷ்கோ தராசைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.
'நான்கு பெட்டி குறைகிறதே அம்மா.
எடை ஒத்துப்போகாவிட்டால் எனக்கு ரசீது வராது.'

உள்ளே போனேன்.
என்றென்றும் அலமாரியில்
1976 முதல் 1980 வரை இறக்கினேன்.
சூப்பும் மத்தியும் வறுத்த உருளையும்
சரியாக நான்கு பெட்டி.
கிழியும் சத்தம் எல்லாத் தாளுக்கும் ஒன்றுதான்.

சஷ்கோ கையெழுத்துக்கு நீட்டினார்.
அழித்ததற்கான சான்றிதழை
எத்தனை ஆண்டு காக்க வேண்டும் என்று பார்த்தேன்.
பத்து.
என் பெயர் தெரியும்படி
மேலாக வைத்தேன்.