ஈரத்தில் அளந்தால் கூட வரும்

தாளின் தலைப்பு: இணக்க அளவுகோல், படிவம் மூன்று.
பன்னிரண்டு வாக்கியங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும்
ஒன்று முதல் ஏழு வரை.
மூன்றாம் அமர்வு முடிந்ததும் கொடுக்க வேண்டும்,
நிரப்பும்போது நான் அறையில் இருக்கக் கூடாது.

"ஆலோசகரும் நானும் ஒருவரையொருவர் நம்புகிறோம்."
மார்க்கபந்து ஏழைச் சுழித்திருந்தார்.
"நான் சொல்வது அவருக்குப் புரிகிறது."
ஏழு.
"அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்."
இங்கே மட்டும் பேனா நின்றிருக்கிறது,
ஒரு மைப்புள்ளி.
பிறகு ஏழு.

எண்பத்து நான்குக்கு எண்பத்து நான்கு.
மூன்று அமர்விலும் அவர் பேசியதோ
முத்துக்கடையில் பஸ் நிற்காதது,
முதுகுவலி, விரிஞ்சிபுரத்துச் சாமி பெயர்
தனக்கு வைத்த கதை.
நான் தலையாட்டினேன்.
நான் தலையாட்டுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்கக் கூடாது. கேட்டேன்,
எல்லாத்துக்கும் ஏழா?
"கொறச்சிப் போட்டா உங்க வேலைக்கு
எதனா ஆயிடும்ல மேடம்."

அப்புறம் தன் வேலையைச் சொன்னார்.
சிப்காட்டில், தோல் அளக்கும் மெஷின்.
"விரிச்சி வுடணும். சக்கரம் ஏறி எறங்கும்,
தோல் இருக்கற எடத்த மட்டும் எண்ணும்.
ஓட்டைய வுட்டுடும், அது நாயம்.
ஆனா ஈரத்துல அளந்தா கூட வரும்.
கைய வச்சி இஸ்தாலும் கூட வரும்.
காய வச்சி, ரெண்டு நாள் சும்மா போட்டு
அப்பால அளக்கணும்."

இரண்டு வாரம் சும்மா இருந்தேன்.
மின்விசிறி சுற்றியது.
காரைப் பக்கம் போகும் லாரிகளை
இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆறாவது அமர்வில் அவராகவே தொட்டிக்கு வந்தார்.
மூடியைத் திறந்தது யார்,
மேஸ்திரி எங்கே நின்றான்,
மச்சான் எத்தனை தடவை கூப்பிட்டான்.
நான் ஏதோ சொன்னேன்,
உங்கள் தப்பில்லை என்பது போல ஒன்று,
பயிற்சியில் கொடுத்தது, சீக்கிரமாக.

எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துக் குடித்தார்.
டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.
"கயிறு என் கையில இருந்துச்சின்னுதான
மேடம் சொன்னேன்."

அன்றைக்கும் தாள் கொடுத்தேன். விதி.
வராந்தாவில் நின்றேன், கால் மாற்றி மாற்றி.

"நான் சொல்வது அவருக்குப் புரிகிறது."
இரண்டு.
சுழித்த வேகத்தில் காகிதம் கிழிந்திருந்தது.
"நம்புகிறோம்" என்பதில் ஒன்றும் இல்லை,
காலி.
அடியில், குறிப்புகள் என்ற கட்டத்தில்,
இத்தனை நாளில் ஒருத்தரும் எழுதாத கட்டத்தில்:
செவ்வா வேணாம் ஷிப்டு. புதன் வரேன்.

மாதக் கடைசியில் வேலூர் அலுவலகத்திலிருந்து போன்.
உங்கள் சராசரி சரிந்திருக்கிறதே,
அந்த ஆளை வேறு யாருக்காவது மாற்றிவிடலாமா,
இணக்கம் அமையவில்லை போலிருக்கிறது.

புதன் வருகிறார் என்றேன்.
அது பதில் இல்லையே என்றார்கள்.