நாலரை மீட்டர்

பியெப்ஜா சதுப்பில் மே மாதம்
மூன்றரைக்கே வெளுத்துவிடுகிறது.
போக்னா பால்பண்ணை வண்டி ஓட்டுபவள்.
விடுப்புக் கடிதத்தில் பல்வலி என்றிருக்கிறது.

கோரைக்கு நடுவே கோரை நிறக் கூடாரம்.
தொடைவரை ரப்பர் பூட்ஸ்.
அவள் அங்கிருப்பது கொசுக்களுக்கு மட்டும் தெரியும்.

புள்ளிக் கானாங்கோழி இரவெல்லாம் கூப்பிட்டது,
மூடாத குழாய் சொட்டுகிற மாதிரி,
விட், விட், விட்.
குரலுக்குத் திசை இருந்தது, உடல் இல்லை.
மெமரி கார்டில் இதுவரை
நாணல். நாணல். அசைந்த நாணல்.
அசைந்து முடித்த நாணல்.

ஐந்து மணி இருக்கும்.
பூட்ஸில் ஒட்டியிருந்த நத்தையை
யாரோ கொத்தினார்கள்.

குனியவில்லை, கண்ணை மட்டும் இறக்கினாள்.
மஞ்சள் அலகு, அதன் அடியில் சிவப்பு,
மாவு தெறித்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள்,
உடம்புக்குப் பொருந்தாத நீள விரல்கள்.

அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ்.
தவணை இன்னும் பதினொன்று பாக்கி.
நாலரை மீட்டருக்கு இப்பால் எது நின்றாலும்
அதற்குப் பார்க்கத் தெரியாது.

கொஞ்சம் தள்ளிப் போயேன்
என்று ஒரு பறவையை
முதல்முறையாகக் கெஞ்சினாள், வாய் திறக்காமல்.
அது நத்தையை முடித்தது.
மற்ற பூட்ஸையும் சோதித்தது.
நாணல் சாத்திக்கொண்டது.

கிடைத்தது ஒரே படம், பழுப்புத் தீற்றல்.
கணக்கெடுப்பு அலுவலகத்தில் க்னியேவொமிர்
தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்:
"ரொட்டியா இது?"

படிவத்தை இழுத்து அவளே நிரப்பினாள்.
எண்ணிக்கை, ஒன்று.
தூரம் என்ற கட்டத்தில்
பேனா சற்று நின்றது,
பிறகு எழுதியது:
இடது பூட்ஸ்.