நூற்று எண்பத்தைந்து கிராம்

ஏலக்காய்க் கடைத் தராசை நம்பலாம்.
ஒரு கிராம் பிசகினாலும் குமுளியில் பேச்சு வளரும்.
ஆகவே மூன்று பவர் பேங்குகளை
ஷிஹாபுதீன் கடையில் பணயம் வைத்து வாங்கி
(பணயம்: என் ஆதார் அட்டை)
சாலையைக் கடந்து தவமணியிடம் போனேன்.

எட்டு மில்லிமீட்டர் பச்சைக் காயை
ஓரமாகத் தள்ளிவிட்டு
ஒவ்வொன்றாக வைத்தாள்.

இருபதாயிரம்: முந்நூற்று அறுபத்தெட்டு.
பத்தாயிரம்: நூற்று எண்பத்து மூன்று.
முதுகில் சூரியத் தகடு ஒட்டிய மூன்றாவது:
இருநூற்றுத் தொண்ணூறு.
"இந்த எடைக்குக் காயா இருந்தா
ஊருக்கே பாயசம் வைக்கலாம்க்கா."

"வெயில் மதி, சேச்சி" என்று
சூரியத் தகட்டைத்தான் புகழ்ந்திருந்தான் ஷிஹாபுதீன்,
குடையை மடக்காமலே.
ஆனி மாதம்.
நான் போகும் சோலைக்குள் சித்திரையிலேயே
வெயில் சில்லறையாகத்தான் விழும்.

நான்கு இரவு. தவளைகளின் குரலைப் பதிய வேண்டும்.
நெற்றி விளக்கு, ஒலிப்பதிவுக் கருவி,
வரைபடத்துக்கு ஒரு போன்.
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
அட்டையில் பத்தாயிரம் என்றால்
கைக்கு வருவது ஆறாயிரத்துச் சொச்சம்.
மீதி சூடாகிப் போகும்,
சம்பளத்தில் பிடித்தம் மாதிரி.
போதும்.
போதும் என்றுதான் வருகிறது, மூன்று தடவை போட்டாலும்.

போன வருஷம் இருபதாயிரத்தைத் தூக்கிப் போனேன்.
அரிசி தின்னத் தின்ன லேசானது பை.
தண்ணீர் குடிக்கக் குடிக்க லேசானது.
இது மட்டும்
நிறைந்திருந்தபோதும் தீர்ந்துகொண்டிருந்தபோதும்
அதே கனம்.
இறங்கி வந்தபோது பாதிக்கு மேல் மிச்சம்.
இடது முழங்கால் இன்றுவரை அதைப் பற்றிப் பேசுகிறது.

உண்மையில் சார்ஜைத் தின்பது தவளைகள் இல்லை.
கம்பம் பக்கம் ஒரு டவர்,
வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு டவர்.
முகட்டில் நின்றால் இரண்டும் கூப்பிடும்.
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
தலையைத் திருப்பித் திருப்பியே
மத்தியானத்துக்குள் போன் களைத்துவிடும்.
ஒரே நாளில் பதினோரு முறை
கேரளம் என்னை வரவேற்றிருக்கிறது.
விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால்
இந்தத் தொல்லை இல்லை. அதற்கு எடையும் இல்லை.

இதை இன்பசேகரிடம் சொன்னேன்.
தேனியிலிருந்து கொஞ்ச நேரம் மௌனம்.
பிறகு, "பெருசையே வாங்கினா
ராத்திரி பேசலாமில்ல?"

தராசின் மேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.
முந்நூற்று அறுபத்தெட்டில் நூற்று எண்பத்து மூன்று போக
என்று மனசு தானாகவே கழித்தது.
அவனுடைய நான்கு ராத்திரிகளின் எடை,
ஒரு குட்டைக் கேபிளோடு சேர்த்தால்
இருநூறு.
தவமணி என் முகத்தைப் பார்த்தாள்.
"பில் போடவா, இல்ல இன்னொரு தடவ வைக்கவா?"
அவள் கடையில் நான் எதுவும் வாங்கியிருக்கவில்லை.

சின்னதையே வாங்கினேன்.

இரவில் அதை ஒரு காலுறைக்குள் போட்டு
வயிற்றோடு அணைத்துத் தூங்கினேன்.
குளிர் பட்டால் அதுவும் சுருங்கிவிடும்.
மூன்றாம் நாள் நான்கு புள்ளிகளில் இரண்டு எரிந்தன.
அதில் ஒன்று வாட்சர் குஞ்ஞுமோனின் டார்ச்சுக்குப் போயிற்று;
யானைத் தடத்தில் இருட்டாக நடப்பவரிடம்
மில்லி ஆம்பியர் கணக்குப் பேச முடியாது.

நான்காம் விடியலில், முகட்டில்,
விமானப் பயன்முறையை எடுத்தேன்.
ஒரு நிமிஷம், அவ்வளவுதான்.
கேரளம் வரவேற்றது.
உடனே தமிழ்நாடு வரவேற்றது.
மூன்றாவதாக அவன்: சாப்பிட்டியா?
முந்தின நாள் இரவு எட்டேகாலுக்கு அனுப்பியது.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை.
பாறை இடுக்கில் பதிந்த ஒரு தவளைக் குரலை,
பதினொரு விநாடி,
கர்ரக் கர்ரக் டிக்,
அப்படியே அனுப்பினேன்.
சுற்றிக்கொண்டே இருந்தது அந்தச் சின்ன வட்டம்,
எந்த மாநிலத்தின் வழியாகப் போவது என்று தெரியாமல்.